வேதமுத்து அண்ணாச்சியின் விசில்

சங்கரன்கோவில் பருத்திக் கமிஷன் கடைகளில் எடை போடுகிறவர்களை, பருத்தி விளைவித்துக் கொண்டுவரும் எந்தச் சம்சாரியும் லேசில் நம்பிவிட மாட்டான். வேதமுத்துவை மட்டும் நம்பினார்கள். அவர் தராசடியில் நின்றால் முள்ளைப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். அந்த நம்பிக்கைதான் பின்னால் அவருக்கு வினையாக வந்தது.

பகலெல்லாம் பருத்தி மூட்டை, சாயங்காலமானால் சடுகுடு. 1976-ல் மதுரையில் அகில இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்தின் பேரில் நடுவர் தேர்வு வைத்தார்கள். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, இவரோ எட்டாவது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைப் பிடித்து உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். தேர்வில் பாஸும் ஆனார். சான்றிதழ் வந்தது, ஒரு விசில் வந்தது. சம்பளம் கிடையாது. போக வர பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். அமெச்சூர் என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான்.

அந்தச் சம்மேளனத்தை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. அது எங்களுக்குக் காகிதமாகத்தான் வந்தது. மேலே முடிவு செய்வார்கள், மாநிலக் கழகம் அச்சடிக்கும், மாவட்டக் கழகம் தபாலில் அனுப்பும், நாங்கள் டீக்கடையில் வைத்து வாசிப்போம். களம் எத்தனை அடி, ஆள் எத்தனை கிலோ, ஆட்டம் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் ஆட்டம் இருந்த லட்சணம் எனக்குத் தெரியும். மேலநீலிதநல்லூரில் அவுட்டானவன் திரும்ப உள்ளே வரலாம், திருவேங்கடத்தில் வரக்கூடாது. பாதி ஆட்டம் சண்டையில்தான் முடியும். காகிதம் வந்த பிறகு பஞ்சாப்காரனும் எங்கள் ஊர்க்காரனும் ஒரே விதிக்குள் நிற்க முடிந்தது. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம், அங்கே தேறினால் தேசியப் போட்டி. அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ், மின்வாரியம், ரயில்வே என்று ஏதாவது ஒரு கதவு திறக்கும்.

அந்தக் கதவுக்காகத்தான் ஆதம் ஆடினான். கடையநல்லூர்க்காரன். வாப்பா இறந்த பிறகு எங்கள் ஊரில் கூலிக்குத் தறி நெய்ய வந்தவன். வீட்டில் உம்மா ஆமினாள், கல்யாணத்துக்கு ஒரு தங்கை. தறியில் கிடைப்பது சோற்றுக்கே பற்றாது. ஆனால் அவன் மூச்சு அப்படிப்பட்ட மூச்சு. உள்ளே போனால் எதிராளிக்குத்தான் மூச்சு வாங்கும்.

புது விதிகளில் ஒன்று, பாடிப்போகிறவன் “கபடி கபடி” என்றுதான் சொல்ல வேண்டும் என்பது. தப்பினால் நடுவர் திருப்பி அழைத்துவிடுவார். தொட்டது செல்லாது, எதிரணிக்கு ஒரு புள்ளி. எங்கள் பக்கம் தலைமுறையாகச் “சடுகுடு”தான். மற்றப் பையன்கள் நாலைந்து மாதத்தில் வாயை மாற்றிக்கொண்டார்கள். ஆதமும் போட்டிகளில் சரியாகத்தான் சொன்னான். சாயங்காலப் பயிற்சியில் மட்டும் பழையபடி சடுகுடு பாடுவான். இழுத்து, குழைத்து, ஒரே மூச்சில் அவன் பாடும்போது வேதமுத்து கோட்டோரம் கண்ணை மூடி நின்று கேட்பார். புள்ளி எழுதுகிறவன் நான். நோட்டில் வேறு மாதிரி அல்லவா இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன்.

“பிராக்டீஸ்தானல, பாடட்டும்” என்றார்.

1979 மே மாதம் மாவட்ட இறுதிப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரை மாநில முகாமுக்கு எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அதில் ஒருவன் ஆதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தை நடத்த வேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சான்றிதழ் உள்ளவர் அன்று வேதமுத்து மட்டும்தான். சொந்த ஊர் ஆட்டத்தில் நிற்கமாட்டேன் என்று அவர் மறுத்தார். எதிரணி வாசுதேவநல்லூர், அதன் தலைவன் பிச்சையாவே வந்து, அண்ணாச்சி நின்றால் தங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் அவரால் தட்ட முடியவில்லை.

கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் சமப் புள்ளி. ஆதம் கபடி என்றுதான் தொடங்கிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். திரும்பும்போது பிச்சையா கணுக்காலைப் பிடித்துவிட்டான். ஆதம் அவனையும் இழுத்துக்கொண்டு வந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது அவன் வாய் சடுகுடுவுக்கு மாறியது. கை கோட்டைத் தொட்டது. கூட்டம் அவன் இழுக்கத் தொடங்கியதிலிருந்தே எழுந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பிச்சையாவுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. கோட்டோரம் நின்ற வேதமுத்துவுக்குக் கேட்டது. பக்கத்து மேஜையில் இருந்த எனக்கும் கேட்டது. அவர் ஊதாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஊதினார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாசுதேவநல்லூரில் கை நனைத்துவிட்டார், காசு வாங்கிவிட்டார் என்றார்கள். சம்சாரிகள் மூட்டைகளை வேறு தராசுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி ஞானதீபத்தோடு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆதம் மட்டும் அந்தப் பேச்சில் சேராமல் மறுநாளே தறிக்குப் போனான். மறு வருஷம் ரியாத்துக்குப் போய்விட்டான், கட்டட வேலைக்கு. வேதமுத்து மற்ற ஊர்களுக்கு நடுவராகப் போய்க்கொண்டுதான் இருந்தார். எங்கள் ஊர்க் களத்தில் மட்டும் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை.

1985-ல் ஆதம் லீவில் வந்தான். தங்கை கல்யாணப் பத்திரிகையோடு கமிஷன் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. வேதமுத்து எடையை நிறுத்திவிட்டு அவனை மூட்டைமேல் உட்காரவைத்தார். ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்குத்தான் எடுத்தார்.

“ஆதம், சொல்லுதேன் கேளு. அன்னைக்கு ஊதினது சரிதான், இப்பவும் ஊதத்தான் செய்வேன். அதுக்கு முந்தி மூணு வருசம் பிராக்டீஸ்ல ஊதாம நின்னேன் பாரு, அதான் தப்பு. உன் பாட்டக் கேக்கணும்னு ஆசப்பட்டு உன்னக் கெடுத்தது நான்தான் மக்கா.”

ஆதம் குனிந்து பத்திரிகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தெரியும் அண்ணாச்சி. வேற ஊர்ல ஆடும்போதெல்லாம் எனக்குக் கபடிதான் வரும். நீங்க கோட்டோரம் நின்னா மட்டும் வாய் மாறிரும். உங்களுக்குப் புடிக்குமேன்னுதான் பாடிப் பழகினேன். அன்னைக்கும் நீங்கதான நின்னீக.”