எங்கள் லயத்துக்கு ஓர் இணையத்தளம்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் பழைய படங்களைப் போட ஓர் இணையத்தளம் தொடங்க வேண்டும். இன்று மாத்தளையில் நெட் கபே வைத்திருக்கும் ரவியிடம் யோசனை கேட்டேன்.

"இணையத்துல இலவசமா எடம் குடுக்கிறாங்க. ஆனா அது அவங்க எடம், நெனைச்சா மூடிருவாங்க. சொந்தமா எடம் எடுத்தா எல்லாத்தையும் நீங்கதான் பார்த்துக்கணும்."

லயம் ஞாபகம் வந்தது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அப்பா அனுமதி கேட்டுத் தோட்டத்துத் துரையின் முன்னால் போய் நிற்பார். ஆனால் கூரை ஒழுகினால், பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து யாராவது ஏணியோடு வந்துவிடுவார்கள்.

"சொந்தமாவே எடுப்போம்" என்றேன்.

"பழுதானா யாரு வருவா?"

இனக்கலவரங்களுக்குப் பிறகு எங்கள் லயத்து ஆட்கள் வடக்கே வவுனியாவிலும் இந்தியாவில் கூடலூரிலும் சிதறிக் கிடக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களே, இப்போது யாரிடம் ஏணி இருக்கிறது?