டாப்பருக்கு எண்ணெய்க் குளியல்

சித்தியின் டாப்பரை நாசமாக்கியது நான்தான். இன்று இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு என் கையால் ஒரு கல்யாணமே நின்றுபோனது என்று வீடு முழுக்க நம்பியது. நானும் நம்பினேன்.

அப்போது நான்காம் வகுப்பு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் வாடகை வீடு. அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் ரிசப்ஷனில் வேலை. தைராய்டு வந்ததிலிருந்து உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிப்போயிருந்தது. அந்த இடத்தை மூடத்தான் டாப்பர். மெல்லிய வலையில் நிஜ முடியைக் கோத்துச் செய்தது. நாலு கிளிப்பை அழுத்தினால் சித்தியின் சொந்த முடியோடு சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு அந்தப் பேரைச் சொல்லவே பிடிக்காது, தொடவும் மாட்டாள். "அத்த எடுத்து உள்ள வையிடி, யாருனா வந்துடப் போறாங்க" என்பாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதற்குக் குளியல் நடக்கும். சித்தி முதலில் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே சிக்கெடுப்பாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து முக்கி முக்கி எடுப்பாள். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது, வெயில் படக் கூடாது. துண்டில் ஒற்றி, கவிழ்த்த குடத்தின் மேல் பரப்பி, ஃபேன் காற்றில் விட்டுவிடுவாள். துண்டோடு பாத்ரூம் வாசலில் நிற்பது என் உத்தியோகம். என் தலைக்கு அம்மா ஊற்றிவிடும்போது இந்த மரியாதையில் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மே மாதம் கல்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கும் சித்திக்கும் அடுக்களையில் வாக்குவாதம்.

"மொதல்ல தாலி ஏறட்டும். அப்பால மெல்ல சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

"ராத்திரி கயட்டி வெக்கும்போது அந்தாளு கண்ண மூடிகினு இருப்பாரா?" என்று கேட்டாள் சித்தி.

அம்மா அழ ஆரம்பித்ததும் சித்தி பேச்சை விட்டுவிட்டாள். அம்மாவின் கண்ணீருக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை.

சனிக்கிழமை காலை சித்தி டாப்பரை அலசிக் குடத்தில் காயவைத்துவிட்டு, தலையில் ஷாலைச் சுற்றிக்கொண்டு அம்மாவோடு செங்கல்பட்டு டெய்லர் கடைக்குப் போனாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் குடத்தின் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்தேன். பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் உண்டு. இந்த முடிக்கு மட்டும் ஒருநாளும் ஒரு சொட்டு எண்ணெய் யாரும் வைத்ததில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது பளபளவென்று இருக்க வேண்டாமா?

நல்லெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி வலை வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். ஊறவிட்டேன். சீயக்காய்த் தூளைக் குழைத்து, அம்மா என் தலையில் காட்டும் அதே வேகத்தோடு கசக்கினேன். பிழிந்து, மொட்டை மாடிக் கொடியில் என் பாவாடைக்குப் பக்கத்தில் வெயிலில் போட்டேன்.

அவர்கள் திரும்பி வரும்போது அது பிசுபிசுவென்று சிக்குப் பிடித்து, சீயக்காய் மண்டிக் கிடந்தது. "அடிப்பாவி, இன்னாடி பண்ணி வெச்சிகீற!" என்று அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சித்தி என்னைத் திட்டவில்லை. அதைக் கையில் வாங்கி விரித்து, வலையைத் தடவி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னொரு தபா அலசிப் பாரேன்டி" என்று அம்மா கெஞ்சினாள்.

"எண்ண பட்டா அவ்ளோதான்க்கா. நாளிக்கு நான் இப்பிடியேதான் நிக்கணும்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தன் சொந்த முடியை மட்டும் பின்னிப் பூ வைத்துக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். குனிந்தபோது உச்சி பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு வாய் காபிக்கும் ஒருதரம் அந்த இடத்தைப் பார்த்தாள். சித்தியே நிமிர்ந்து, ஆபீசில் பேசுகிற அதே குரலில், "தைராய்டுங்க. ரெண்டு வருசமா கொட்டுது. வேலைக்குப் போம்போது டாப்பர் வெச்சிக்குவேன்" என்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். அந்த போன் வரவே இல்லை. மிஞ்சிய கேசரிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து அம்மா அழுதாள். நான் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன். சித்தியின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போன நேரம் சித்தி என்னைக் கூப்பிட்டுத் துண்டை எடுத்துவரச் சொன்னாள். பக்கெட் தண்ணீரில், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு விட்டு, டாப்பரை முக்கினாள். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு முறை முக்கினாள். ஷாம்பு, சீப்பு, துண்டு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முடி பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது. ஜுரம் விட்ட குழந்தையைப் பார்த்ததுபோல எனக்கு ஒரே சந்தோஷம். சித்தி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அதை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்த அம்மா, அவள் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சித்தி டப்பாவை வாங்கிக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, முந்தாநாள் அடித்த முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள். டாப்பர் பிழைத்துவிட்ட சந்தோஷம் அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.