வெயில்காலப் புருஷன்

அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் தெருவைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம் வீட்டைப் பார்க்க வேண்டும். மாற்றி ஒட்டினால் வெயில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும் என்பாள் ஒதீலியா. முக்காலிமேல் ஏறி நின்று, ஒட்டுநாடாத் துண்டுகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு முன்னறை ஜன்னலை மூடுகிறாள். ஈஸ்டர் முடிந்த கையோடு தொடங்குகிற வேலை இது. கடைசி மூலையை அழுத்தி ஒட்டியதும் அறை கிணறுபோல் இருண்டுவிடும். அங்கே மறுபடி பகல் வெளிச்சம் விழ அக்டோபர் ஆகும்.

அடுத்து சமையலறைக்குப் போய் வெந்நீர்க் கொதிகலனை அணைக்கிறாள். பாலைவன ஊரான மெஹிகாலியில் கோடை பிறந்துவிட்டால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் முட்டை அவிக்கலாம். வீட்டு நிழலில் கிடக்கும் கொதிகலன் தண்ணீரைத்தான் உடம்பு தாங்கும். அதனால் இங்கே பச்சைத் தண்ணீர் வேண்டியவர்கள் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறார்கள். தெற்கேயிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த ரகசியத்தை ஒருமுறை அலறித்தான் கற்றுக்கொள்வார்கள்.

ஒதீலியாவுக்குப் பிழைப்பு ஐஸ் சீவல். பேருந்து நிறுத்தத்தருகே வண்டி. சாக்கில் பொதிந்த பனிப்பாளம், இரும்புச் சீவுளி, புளி, பிளம், ஸ்ட்ராபெரிப் பாகுகள், மேலே ஊற்ற டப்பாப் பால். அறுபதைத் தாண்டிய, அகன்ற தோள்காரி. ஊரே கொதிக்கும்போது அவளுடைய விரல்கள் மட்டும் குளிரில் வெடித்துக் கிடக்கும். அவள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. வெறுந்தலையோடு வருகிறவனுக்கு உடனே ஐஸ் கிடையாது.

"தொப்பி எங்கடா மகனே? மண்டைய எங்கயாவது அடகு வெச்சுட்டியா?" என்று கேட்டு, வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்து அவன் தலையில் போடுவாள். பிறகுதான் சீவுளியைத் தொடுவாள்.

"ஞானஸ்நானம் ஆச்சும்மா, இப்பவாவது ஐஸ் குடுங்க" என்பார்கள் வாடிக்கையாளர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

சிரிக்காததற்குக் காரணம் அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் நசாரியோவுக்குக் கூரை வேலை. தார் பூசுவான், ஓட்டை அடைப்பான், சூடு இறங்காமலிருக்க மேலே வெள்ளையடிப்பான். கோடையில்தான் வேலை குவியும். மகன் எஃப்ராயினும் அவனோடு ஏறுவான். மகனுக்கு இருபத்திரண்டு வயது, அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஜூலையில் ஒருநாள், உச்சிவேளை தாண்டி, "தலை வலிக்குதுப்பா" என்றான் பையன். "எல்லாருக்குந்தான் வலிக்குது. இந்த மூலைய முடிச்சிட்டு இறங்கிடலாம்" என்றான் அப்பன். மூலையை முடித்தார்கள். இறங்கும்போது பையன் ஏணியில் கால் வைக்கவேயில்லை. கூரைமேலேயே உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உயிர் இல்லை.

தலை வலிக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியத்தை நசாரியோ மறைத்திருக்கலாம். கேட்டவர்கள் வேறு யாருமில்லை. அவன்தான் சவ அடக்கத்துக்கு மறுநாள் அவளிடம் சொன்னான். அவள் அவனுடைய துணிகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்து வாசலில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றையறை வீட்டுக்கு அவன் போனான்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவன் கதவு திறக்கவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அந்த வீட்டில் இருந்தது தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழைய காற்றுப்பெட்டி. காற்றில் புழுக்கம் ஏறிவிட்டால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஒதீலியா ஐஸ்பாளத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். தரையில் நினைவில்லாமல் கிடந்தவனின் கக்கத்திலும் கழுத்திலும் ஐஸை வைத்து அழுத்தினாள். அவன் கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "மெத்தைய எடு."

"எங்க?" என்றான்.

"எங்க வீட்டுக்கு. குளிர் மெஷின் இருக்கிற ரூமு அது ஒண்ணுதான். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத கிழவா. இந்த வெயிலுக்கு இன்னொரு ஆள நான் குடுக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. ஜூனில் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவான். அக்டோபரில் அவள் ஜன்னல் தாளை உரிக்கிற அன்று சுருட்டிக்கொண்டு போவான். அறைக்கு நடுவே ஒரு படுக்கைவிரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் கதவோரம் அவன், இந்தப் பக்கம் கட்டிலில் அவள். பேச்செல்லாம் விரிப்பைத் தாண்டித்தான்: மின்சாரக் கட்டணம், பீன்ஸ் விலை, ரேடியோத் தொடரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது. குறட்டை விட்டால் விரிப்புக்கு மேலாக ஒரு செருப்பு பறந்து போகும். "திரும்பிப் படு, கிழவா." திரும்பிப் படுப்பான். எஃப்ராயினின் பெயர் மட்டும் அந்த அறைக்குள் வந்ததில்லை.

எதிர்வீட்டு சொக்கோரோவுக்கு இது தீராத வேடிக்கை. "என்ன ஒதீலியா, உன் வெயில்காலப் புருஷன் வந்தாச்சா? குளிர்காலத்துக்கும் ஒருத்தனப் பாத்து வெச்சிருக்கியா?"

"உன்னுது வருஷம் பூரா இருந்து என்னத்தக் கிழிச்சுது?" என்பாள் ஒதீலியா.

போன கோடையில் ஒரு மதியம் இருவரும் படுத்திருந்தார்கள். வெளியே நாய்கூட நடமாடாத நேரம். விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவன் வலிக்குதுன்னு சொன்னான், ஒதீ."

"தெரியும். தூங்கு" என்றாள். அவனும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. ஆனால் மாலையில் காபி போட்டபோது அவன் கோப்பையை வழக்கம்போல் தரையில் வைக்காமல் கையில் கொடுத்தாள்.

இந்த மே மாதம் மகள் யெசேனியா திஹுவானாவிலிருந்து வந்தாள். தொழிற்சாலையில் கூடுதல் நேரம் உழைத்துச் சேர்த்ததில் அப்பாவுக்கு ஒரு புதுக் குளிர் இயந்திரம் வாங்கி, ஆள் வைத்து மாட்டியும் கொடுத்துவிட்டாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் வண்டிக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"இனிமே ஒங்க ரெண்டு பேருக்கும் நிம்மதிம்மா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டுக் கஷ்டப்பட வேண்டாம். எத்தன வருஷமா என் மனசுல கெடந்துச்சு தெரியுமா?"

ஒதீலியாவின் சீவுளி ஒரு கணம் பாளத்தில் மாட்டி நின்றது. "நல்ல காரியம் பண்ணின, மகளே" என்றாள். மகளுக்குப் பிடித்த பிளம் பாகைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.

ஜூனில் நசாரியோ மெத்தை இல்லாமல் வண்டிக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தொப்பியப் போடு" என்றாள். போட்டுக்கொண்டான்.

"மெஷின் எப்படி?"

"நல்லாக் குளிருது. போர்வை கேக்குது."

"நல்லது."

"சத்தமே இல்ல ஒதீ. செத்த வீடு மாதிரி இருக்கு."

"பழகிடும்."

அவன் புளி ஐஸைச் சாப்பிடாமல் கரையவிட்டுக்கொண்டு நின்றான். "ஒன் கூரைக்கு வெள்ளை அடிக்கணுமே இந்த வருஷம்?"

"போன வருஷம் அடிச்சதே இருக்கு."

அவள் சொல்லவேண்டியது வா என்ற ஓரெழுத்துதான். அது நெஞ்சைத் தாண்டித் தொண்டைவரைக்கும் வந்தது. மெஷின் இல்லாதவனைக் கூப்பிடுவதற்கு அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. மெஷின் இருக்கிறவனை எதற்காகக் கூப்பிடுவது? அப்படிக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் வேறு. மகனைப் புதைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒனக்கு என்ன வேணும் மகனே?" என்று பின்னால் நின்றவனைக் கேட்டாள். நசாரியோ கரைந்த புளித்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடந்தான்.

அறை நடுவே அந்த விரிப்பை இந்த வருஷமும் கட்டியிருக்கிறாள். ஏன் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. குளிக்கப் போகும்போது, மெத்தை கிடக்கவேண்டிய இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறாள். ரேடியோத் தொடரில் ஒரு துரோகி மாட்டிக்கொண்டபோது, "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்" என்று விரிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

ஜூலையில் சொக்கோரோ ஒரு செய்தி கொண்டுவந்தாள். கால்வாய்ப் பக்கம் தனியாக இருந்த கிழவர் ஒருவர், ரொம்ப நாளாய் ஆளைக் காணோமென்று கதவை உடைத்துப் பார்த்தால்... "புது மெஷின்தானாம் ஒதீலியா. எப்பவோ நின்னுபோயிருக்கு. யாருக்குத் தெரியும்?"

மறுநாளிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் ஒதீலியா வண்டியைப் பூட்டிவிட்டு எங்கோ கிளம்பிப் போக ஆரம்பித்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சும்மா, காலாற."

"நாப்பத்தஞ்சு டிகிரிலயா காலாறப் போற?" என்று சொக்கோரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒதீலியா இரண்டு தெரு நடந்து, ஒரு பின்சந்தில் திரும்பினாள். மண் இன்னும் செருப்பைச் சுட்டது. நசாரியோவின் வீட்டுப் பின்சுவரில் விளக்கில்லை, பேச்சில்லை. கதவைத் தட்ட முன்வாசலுக்குப் போகவில்லை. சுவரில் தலைக்கு மேலே ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர் மெஷின் ஓடினால் அதன் நுனியில் தண்ணீர் சொட்டும். வெடித்த உள்ளங்கையை அதன் கீழே விரித்து நீட்டினாள். ஒன்றும் விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சொட்டு விழுந்தது, சில்லென்று. அப்புறம் இன்னொன்று. கை நிறையும்வரை அப்படியே நின்றவள், அந்தத் தண்ணீரை முகத்தில் அப்பிக்கொண்டு, துடைக்காமலே சந்திலிருந்து வெளியே நடந்தாள்.