குதிரை லேபிள்

நாலு வரி இங்கிலீஷ் படிக்கச் சோம்பல்பட்டு நான் செய்த காரியம் இது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் போடுகிறவன் நான். ராக்கெட் பெட்டிக்கு லேபிள் கேட்டு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டரில் தேடியபோது நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் ஒன்று கண்ணில் பட்டது. கருமேகம், நடுவே பொன் வெளிச்சம், திமிறும் நான்கு குதிரைகள், தேரிலிருந்து முன்னால் பாயும் வாலிபன். சூரிய பகவான்தான், வெள்ளைக்காரன் மூன்று குதிரையைக் குறைத்துவிட்டான் என்று நானாக முடிவுகட்டினேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

லோடு போனது அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு. அங்கேதான் என் அக்கா மருந்து அடைக்கிறாள். புது லேபிள் வந்தால் முதல் பெட்டிக்குப் பெண்கள் பூசை போடுவார்கள். உள்ளே சூடம் கொளுத்த முடியாது. குங்குமமும் பூவும் மட்டும்தான்.

மறுநாள் சின்னப் பெட்டிக்கும் அதே படம் கேட்டார்கள். மறுபடி திறந்தபோதுதான் படத்துக்குக் கீழே இருந்த அந்த நாலு வரியைப் போனில் தமிழாக்கிப் படித்தேன். அவன் சூரியன் இல்லை, சூரியனின் மகன். அப்பாவின் தேரை ஒரு நாள் ஓட்ட அடம்பிடித்து வாங்கி, குதிரைகளை அடக்க முடியாமல், இடி தாக்கி எரிந்து விழுகிறான்.

எரிந்து சாகிறவனையா கும்பிட்டுவிட்டு மருந்தில் கை வைக்கிறார்கள்? அக்காவிடம் போன் இருக்காது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பைக்கை எடுத்தேன். வழியில் டமாரென்று ஒரு சத்தம். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: வண்டியை நிறுத்திப் புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தேன். இல்லை. கல்குவாரி வெடி. ஆனாலும் வண்டியை வேகமாக முறுக்கினேன். அவளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் கொன்றவன் என்று மனசு அடித்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரம். அக்கா கேட்டுக்கு வந்தாள், முழங்கை வரை வெள்ளிப் பொடி.

"என்னலே இங்கன வந்து நிக்க? வீட்டுல யாருக்கும் என்னமும் ஆயிருச்சா?"

"அக்கா, லேபிள்ல இருக்கது சாமி இல்ல. எரிஞ்சு விழுறவன்."

"தெரியும்லே. காலு தேருல இல்ல, கையில கவுறு இல்ல. சாமி இப்படியா விழும்?"

"பெறகு எதுக்குப் பொட்டு வச்சீக?"

"போன வருசம் எங்க ரூம்ல எரிஞ்சு போனாளே, அவ போட்டோவுக்கு வச்ச மாதிரிதான். இவனும் எந்த வீட்டுப் பிள்ளையோ. நாங்க வைக்காம வேற யாரு வைப்பா?"

மணி அடித்தது. வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.