ஆர்டிஸ் பாதியில் வெட்டிய ஜெபம்

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் வானொலி நிலையத்தில், ஞாயிறு காலை ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவள் ஆர்டிஸ். போதகர் டட்டில் ஜெபிக்கும்போது அடியில் மெல்ல வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றுபோனால், கேட்கிறவர்கள் ரேடியோ கெட்டுவிட்டதென்று பெட்டியைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவள் வாசிப்பு போதகரின் குரலுக்கு மேலே ஏறியதில்லை.

அந்த ஞாயிறு மட்டும் அவளுக்கு வாசிப்பில் மனசு ஒட்டவில்லை. கொரியா யுத்தத்துக்குப் போன மகன் வெண்டலைக் காணவில்லை என்று வெள்ளிக்கிழமை ராணுவத்திலிருந்து சேதி வந்திருந்தது. கணவன் ஹார்லனோ மாரடைப்பு வந்து படுக்கையில். அதிர்ச்சி எதுவும் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்ததால், சேதியை அவனிடம் மறைத்துவிட்டாள். அவனுக்குத் துணை தலைமாட்டு ரேடியோதான். பெண்டாட்டி வாசிப்பதை ஒரு வாரமும் விடமாட்டான்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால், போதகரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நல்ல மனுஷர்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஜெபத்தில் சூடேறிவிட்டால் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. சபைப் பெரியவரான மூப்பர் ஒருவர் திருட்டுத்தனமாகக் குடிப்பதை, பெயர் சொல்லாமல், அவர் கடை இருக்கிற தெருவை மட்டும் சொல்லி ஜெபித்த புண்ணியவான்!

"போதகரே, ரேடியோவுல மூச்சு விட்டுடாதீங்க. அவர் கேட்டுக்கிட்டிருப்பார்."

"அட, நான் என்ன சின்னப் பிள்ளையா? பேரையே எடுக்கமாட்டேன், பயப்படாதீங்கம்மா."

பெயரை எடுக்கமாட்டாராம். மூப்பர் பெயரையும்தான் அவர் எடுக்கவில்லை.

ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டும் பிரசங்கமும் ஒழுங்காக முடிந்தன. ஜெபத்தில் நோயாளிகள் வந்தார்கள், விதவைகள் வந்தார்கள், மழைக்குக் காத்திருக்கும் கோதுமை வந்தது. பிறகு போதகரின் குரல் தழதழத்தது.

"ஆண்டவரே, பேர் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், உமக்கே தெரியும். கொரியாவுல..."

அட பாவி மனுஷா! விளக்கு எரியும்போது அவள் வாயைத் திறக்க முடியாது. கையில் இருந்தது ஆர்கன் ஒன்றுதான். ஒலியைக் கூட்டும் மிதிகட்டையை அடிவரை மிதித்து, முடிவுப் பாட்டை இடி மாதிரி எழுப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிபரப்பைப் பார்த்துக்கொள்ளும் மெர்ல் துள்ளி எழுந்தான். போதகர் இரண்டு தரம் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"என்னக்கா, போதகர் மேல அவ்வளவு கோபமா?" என்று மெர்ல் கேட்டதற்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். தப்பித்தோம், தப்பித்தோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். மனசு நம்பவில்லை.

ஹார்லன் எழுந்து உட்கார்ந்திருந்தான். ரேடியோவை அணைத்திருந்தான்.

"இத்தனை வருஷத்துல போதகர் தொண்டைய நீ ஒரு தடவகூட அமுக்கினதில்ல," என்றான். "இன்னிக்கு கொரியான்னு சொன்ன உடனே அமுக்கின. வெண்டலா?"

இனி மறைத்துப் பயனில்லை. தலையாட்டினாள்.

"போயிட்டானா?"

"காணோமாம். அவ்வளவுதான் தெரியும்."

அவன் கை நெஞ்சுக்குப் போனது. மாத்திரைக்கு ஓடியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மாத்திரை அப்புறம். நீ பாதியில வெட்டின ஜெபத்த முடி. பேரச் சொல்லியே கேளு."

ஊரார் ஜெபத்துக்கெல்லாம் வாசித்தவளே தவிர, வாய்விட்டு ஜெபித்து அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்க வெண்டல்..."

அதற்குமேல் வரவில்லை. அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹார்லனும் கூடச் சொன்னான்.