பார்த்தால் கட்டைவிரல்

பொன்மலர் அக்கா தையல் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எதைச் சொல்வதானாலும் வாட்ஸாப்பில்தான் சொல்வார்கள். நாளைக்குக் கம்பெனி பஸ் தாமதம், இன்றைக்கு ஐம்பது ஜோடி கம்மி, யாரோ ஒருவருடைய மாமனார் காலமானார், கேன்டீனில் முட்டை கிடையாது. எல்லாம் ஒரே குரூப்பில் வரும். அறுநூறு பேருக்கு மேல் இருக்கிற அந்தக் குரூப்பில் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும். மற்றவர்கள் செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்தி, கீழே மஞ்சளாக ஒரு கட்டைவிரலை ஒட்டலாம். அவ்வளவுதான்.

அதைக் கட்டாயமாக்கியவர் கவுஸ் பாஷா. நாலாவது தையல் லைனுக்கு சூப்பர்வைசர், அட்மின்களில் ஒருவர்.

“பாத்தீங்களா இல்லையான்னு எனக்கு எப்டித் தெரியும்? பாத்தவங்க கட்டைவிரல் போடுங்க. போடாதவங்க பேர காலைல மைக்ல படிப்பேன்.”

பொன்மலருக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் ராஜம்மாள் விடவில்லை.

“பாய், எங்கம்மா கைநாட்டு. அதனாலயே என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க. கடைசில நீ என்னையும் கைநாட்டாக்கிட்ட.”

“படிச்சவதானே? சீக்கிரம் போடு.”

லைன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து சாவுச் செய்திக்கும் கட்டைவிரல்தான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பொன்மலர் அக்காவுடையது. ஆறு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு ஜனவரியில்தான் நான் திரும்பியிருந்தேன். வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மத்தியானம் அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போய் நிற்பேன். அவருடைய கணவர் நவநீதன் அண்ணனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவதும் சிரமம். தலையைத் தாங்கிப் பிடித்து, குழைத்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் புரை ஏறிவிடும். கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம். வீட்டுக்கு வர எட்டு நிமிடம், திரும்பிப் போக எட்டு நிமிடம். மிச்ச நேரத்தில் வலது கையால் ஊட்டுவார். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், காலையிலிருந்து வந்து குவிந்த செய்திகளுக்கெல்லாம் அப்போதுதான் இடது கையால் கட்டைவிரல் போடுவார். படிக்க மாட்டார். பதினெட்டு வந்திருந்தால் பதினெட்டு.

அப்படிப் போட்டதில் ஒன்று சென்னை ஆபீஸ் அனுப்பியது. ‘காட்பாடி புது யூனிட்டுக்கு மாற விருப்பமுள்ளவர்கள் கட்டைவிரல் இடவும். முதல் இருபது பேருக்கு மட்டும்.’

செவ்வாய்க்கிழமை பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். பதினாலாவது பெயர் பொன்மலர். திங்கட்கிழமையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ். இரவு ஏழுக்குத்தான் வீடு. மத்தியானம் என்பதே கிடையாது.

அவர் நேராகப் பர்சனல் ஆபீசர் தேவானந்தத்திடம் போனார். நடந்ததை மறுநாள் என்னிடம் அப்படியே சொன்னார்.

“சார், நான் எல்லாத்துக்கும் போடுவேன் சார். பாய் போடச் சொல்லியிருக்காரு.”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? முந்நூறு பேர் போட்டிருக்காங்க. அத்தனை பேருக்கும் விருப்பம்னு சென்னைக்குச் சொல்லிட்டேன். அங்க ரொம்ப சந்தோஷம்.”

“வெள்ளிக்கிழமை கட்டிங் செக்ஷன்ல ஒருத்தரோட அப்பா செத்ததுக்கும் போட்டிருக்கேன். அதுவும் விருப்பமா சார்?”

தேவானந்தம் சிரிக்கவில்லை. பட்டியல் சென்னை மேனேஜரிடம் போய்விட்டது, அவர் ஒப்புக்கொண்டால் பெயரை எடுத்துவிடலாம், அவரும் குரூப்பில்தான் இருக்கிறார் என்றார்.

“அதுல நான் எழுத முடியாதே சார்.”

“ஆமா,” என்றார்.

நான், “மத்தியானம் நான் ஊட்டறேன்கா,” என்றேன்.

“நீ எத்தினி நாளைக்கு இங்க இருப்ப?”

கோபத்தோடு அவர் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

புதன்கிழமை டீ நேரத்தில் கவுஸ் பாஷா தன் போனை எடுத்துப் பொன்மலரை அட்மின் ஆக்கினார்.

“ரெண்டு நிமிஷந்தான். எதுனா பேஜார் பண்ணிடாத.”

“இந்தப் பேஜாரே உன்னாலதான் பாய்,” என்றார் ராஜம்மாள்.

எழுதினால் பிழை வரும் என்று பொன்மலர் லாக்கரிலிருந்து போனை எடுத்துவந்து பேசி அனுப்பினார். எனக்கும் போட்டுக் காட்டினார்.

“ஐயா, நான் பொன்மலர், நாலாவது லைன். வீட்டுக்காரருக்கு வாதம். மத்தியானம் நான் போய் ஊட்டலன்னா பொர ஏறிடும். தெரியாம விருப்பம் போட்டுட்டேன். என் பேர எடுத்துடுங்க.”

கணவரைப் பற்றிக் கம்பெனியில் அதுவரை அவர் யாரிடமும் பேசியதில்லை. குரலில் அழுகை இல்லை. கேன்டீனில் முட்டை இல்லை என்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலத்துக்குள் அதன் கீழே நானூற்றுச் சொச்சம் கட்டைவிரல்கள் விழுந்திருந்தன. எல்லாரும் பழக்கத்தில் போட்டவை. அவற்றில் ஒன்று சென்னை மேனேஜருடையது.

வியாழக்கிழமை காலை பொன்மலர் மறுபடி தேவானந்தத்திடம் போனார்.

“மேனேஜர் சார் போட்டிருக்காரு.”

“பாத்தேன்னு போட்டிருப்பாரும்மா.”

“நான் போட்டா விருப்பம், அவர் போட்டா பாத்தேனா சார்?”

தேவானந்தம் போனை எடுத்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். சென்னைக்குப் போன் செய்து கேட்டால் அந்த முந்நூறு விருப்பமும் கேள்விக்குள்ளாகும். கேட்கவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து பதினாலாவது பெயரை அடித்தார். இருபது பேர் கணக்கு குறையக் கூடாது. அடுத்து யார் போட்டிருக்கிறார்கள் என்று தேடி, அடித்த பெயருக்கு மேலே ராஜம்மாள் என்று எழுதினார்.

பொன்மலர் எதிரிலேயே நின்றிருந்தார்.

“அந்தக்காவும் பாக்காமதான் போடும். எனக்குத் தெரியும்,” என்றார் என்னிடம். “சொல்லியிருக்கலாம். சொல்லல. தேங்ஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

ராஜம்மாள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. “நான் ஊட்டறதுக்கு வீட்ல யாரு இருக்கா?” என்றாராம். சனிக்கிழமை சாயங்காலம் தன் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, “நல்லா இருடி,” என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்த்தினாரா, குத்தினாரா என்று பொன்மலருக்குப் புரியவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் போனபோது நவநீதன் அண்ணனுக்குக் கடைசி வாய் ஊட்டிக்கொண்டிருந்தார். ராஜம்மாள் இல்லாதது கஷ்டமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். ஈரத்துணியால் அண்ணனின் வாயைத் துடைத்து, தலையைத் தலையணையில் சாய்த்த பிறகுதான் பேசினார்.

“ஒண்ணும் தெரியல. பக்கத்து மெஷின் ஓடல. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டேன்.”

மணி ஒன்று ஐந்து. தட்டைக் கழுவக்கூட நேரமில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.