பனிப்பெண் பேசிய இந்தி

2008 மழைக்காலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் மனைவிக்குச் சர்க்கரையால் ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றொன்றுக்குத் திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷன். பார்வை நிற்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அதற்கு எட்டு நாள் முன்பு கேபிளில் ஒரு கொரியப் படம் போட்டார்கள். பனி பெய்யும் காலத்தில் மட்டும் மனுஷியாக இருக்கும் ஒரு பெண். அவளைக் காதலிக்கும் ஒரு பையன். கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்து மனைவிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பனி உருகத் தொடங்கிய இடத்தில் கரண்ட் போனது. பக்கத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் அவ்வளவு மின்சாரம் தயாராகிறது, எங்கள் தெருவுக்கு இல்லை. கரண்ட் வந்தபோது படம் முடிந்திருந்தது.

“அவ இருந்தாளா, கரைஞ்சி பூட்டாளா? கண்ணு இருக்கசொல்லவே பாத்துடணுங்க” என்றாள்.

மூன்று சிடி கடை ஏறினேன். மூன்றாவதில் கிடைத்தது. அட்டையில் அதே முகம். வீட்டில் போட்டால் அந்தப் பெண் இந்தியில் பேசுகிறாள். வெளி மாநிலத் தொழிலாளர்கள்தான் அந்தக் கடைக்கு வாடிக்கை என்பது அப்புறம்தான் உறைத்தது. கீழே ஓர் எழுத்துகூட ஓடவில்லை. எனக்கு இந்தியில் ஒன்று முதல் பத்து வரை எண்ண மட்டும் தெரியும்.

எதிர் வரிசை அறைகளில் வடநாட்டு ஆட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் வெல்டர் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசுவார். ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய், ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

படத்தை முதலிலிருந்து போட்டோம். எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. பையன் பதினொரு வாக்கியம் பேசினால் வெல்டர் ஒன்றுதான் சொல்கிறார். அந்தப் பெண் வாயே திறக்காமல் நிற்கிறாள், இவர் நாலு வரி சொல்கிறார். அன்றைக்கு ஆங்கிலத்தில் அக்கா என்று நான் படித்தவள், இவரிடம் மாமியார் ஆகிவிட்டாள். நான்தான் தப்பாகப் படித்தேனோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் பனி உருகிவிட்டது. பையன் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்து ஏதோ சொன்னான்.

“இன்னா சொல்றான், தம்பி?” என்று கேட்டாள் மனைவி.

“அவ போகல, அம்மா. தண்ணியா ஆகிக்கினு இங்கயே கீறாளாம். தொட்டா தெரியுதாம்.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் வெல்டரை நிறுத்தினேன். “தம்பி, நெசமா அவன் அதையா சொன்னான்?”

“தெரியாது, சார். நான் ஒரிசாக்காரன். எனக்கு இந்தி கொஞ்சம்தான் வரும். இவங்க ரொம்ப வேகமா பேசிக்கினு போறாங்க.”

“அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“நாலு வருசமா என்ன இந்திக்காரர்னுதான கூப்புடுறீங்க. அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேசன்னு வேற சொன்னீங்க. எப்டி இல்லன்றது?”

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன், எல்லாம் அவர் கட்டிய கதை என்று.

“மாமியார் வந்தப்பவே தெரியும். கம்முனு இருங்க. அவரு சொன்னது நல்லாத்தான இருந்துச்சி” என்றாள். பிறகு, “காலங்காத்தால இட்டுக்கினு வந்தீங்களே, அவருக்கு நாஷ்டா குடுத்தீங்களா?” என்று கேட்டாள். கொடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் காட்டிய விரல்களை அவள் சரியாகச் சொன்னாள். பார்வை முழுதாக இல்லை, ஆனால் நின்றது. அந்தப் பையன் ஏரியைப் பார்த்து உண்மையில் என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தி தெரிந்த யாரிடமும் கேட்கவும் இல்லை. எதிர் அறையில் இருந்தவரின் தாய்மொழி எது என்று நாலு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காத என் வீட்டுக்கு, வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் வெறும் வயிற்றோடு வந்து அவர் கதை சொல்லிவிட்டுப் போனார் என்பதை நினைத்தால், இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.